டெல்நெட்டை மூடுங்கள், சாவியை உள்ளே வைத்துவிட்டு மூடாதீர்கள்

கோவை, திருப்பூர் வட்டாரத்தில் நூற்பாலைகள், கல்லூரிகள், சில மருத்துவமனைகள் ஆகியவற்றின் நெட்வொர்க்கைப் பராமரிப்பது என் பிழைப்பு. புதிதாக ஓர் இடத்தில் ஒப்பந்தம் ஆனதும் நான் முதலில் பார்ப்பது 23ஆம் எண் போர்ட் எங்கெங்கே திறந்திருக்கிறது என்பதைத்தான். ஸ்விட்ச் போன்ற கருவிகளுக்குள் தொலைவிலிருந்து நுழைந்து கட்டளை கொடுக்க உதவும் டெல்நெட் என்ற பழைய சேவையின் கதவு அது. பெரும்பாலும் எங்கேயாவது திறந்திருக்கும். டெல்நெட் ஆபத்தானது என்று அங்குள்ள ஐடி ஊழியருக்குத் தெரியாமல் இல்லை. மூடப்போய், ஸ்விட்ச்சுக்குள் தானே நுழைய முடியாமல் போய், இரவு ஷிஃப்ட் நடுவில் ஆலை முழுவதும் நெட்வொர்க் படுத்துவிட்டால் யார் பதில் சொல்வது என்ற பயம்தான் அதைத் திறந்தே வைத்திருக்கிறது. அந்தப் பயம் நியாயமானது என்பதால் இங்கே ஆபத்தைப் பற்றிக் கொஞ்சமாகவும், சிக்கிக்கொள்ளாமல் வேலையை முடிப்பதைப் பற்றி விரிவாகவும் எழுதுகிறேன்.

கட்டளைகளை வாயால் சொல்வதுபோல் தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது அவற்றின் ஆங்கில எழுத்துகளில் தட்டிக்கொள்ளுங்கள். இன்னொன்று: உங்கள் பொறுப்பில் உள்ள நெட்வொர்க்கில், நிர்வாகத்தின் எழுத்துபூர்வ அனுமதியோடு மட்டும் இதைச் செய்யுங்கள். அடுத்தவர் கருவியில் அனுமதியின்றி நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43, 66ஆம் பிரிவுகளின் கீழ் வரும்.

முதலில் உங்கள் கண்ணால் பாருங்கள்

டெல்நெட் 1969-இல், இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் காலத்தில் பிறந்தது. இன்று புழங்கும் வடிவம் 1983 மே மாதம் ஆர்எஃப்சி 854 என்ற ஆவணமாக வந்தது. சில பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் மட்டும் இணைந்திருந்த காலம் அது. தட்டுகிற எழுத்தை அப்படியே அனுப்பு, வருகிற எழுத்தை அப்படியே காட்டு என்பதைத் தாண்டி எதுவும் தேவைப்படவில்லை. மறையாக்கம் கிடையாது. எதிர்முனையில் இருப்பது நிஜமாகவே உங்கள் ஸ்விட்ச்தானா என்று சரிபார்க்கும் வழியும் கிடையாது.

இதை நிர்வாகத்திடம் வாயால் சொன்னால் எடுபடாது, காட்டுங்கள். நெட்வொர்க்கில் போகும் தரவைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் நிரலை உங்கள் மடிக்கணினியில் ஓடவிட்டு, அதே கணினியிலிருந்து ஏதாவது ஒரு ஸ்விட்ச்சுக்கு டெல்நெட் மூலம் நுழையுங்கள். வயர்ஷார்க்கின் வடிகட்டிப் பட்டையில் 'டெல்நெட்' என்று தட்டி, ஏதாவது ஒரு பாக்கெட்டின்மேல் வலது கிளிக் செய்து, 'ஃபாலோ', 'டிசிபி ஸ்ட்ரீம்' என்று போங்கள். நீங்கள் அனுப்பியது சிவப்பிலும் ஸ்விட்ச் அனுப்பியது நீலத்திலும் வரும். பயனர் பெயரின் ஒவ்வோர் எழுத்தும் இரட்டையாக இருக்கும், சிவப்பில் ஒன்று, நீலத்தில் ஒன்று. நீங்கள் தட்டியதை ஸ்விட்ச் திருப்பிச் சொல்வதால்தான் அது உங்கள் திரையில் தெரிகிறது. கடவுச்சொல் கேட்கும் இடத்துக்கு வந்ததும் நீலம் நின்றுவிடும், சிவப்பு மட்டும் ஓடும். திரையில் எதுவும் தெரியாததால் கடவுச்சொல் மறைந்தே போகிறது என்று நம்பிக்கொண்டிருந்த மேலாளர்கள் இந்த இடத்தில் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு உட்காருவார்கள். அதன்பிறகு அனுமதி வாங்குவது சுலபம்.

"எல்லாவற்றையும் எல்லாருக்கும் அனுப்பும் பழைய ஹப் நாங்கள் வைத்திருக்கவில்லை, ஸ்விட்ச்தான் வைத்திருக்கிறோம், இடையில் இருப்பவன் எப்படிப் பார்ப்பான்?" என்று ஒருவர் கேட்பார். கேட்கவேண்டிய கேள்விதான். ஒரே வீலானில் (ஸ்விட்ச்சுக்குள் பிரித்துவைத்த தனி நெட்வொர்க்கில்) உள்ள எந்தக் கணினியும், ஓர் ஐபி முகவரி எந்தக் கருவியுடையது என்று சொல்லும் ஏஆர்பி பதில்களைப் பொய்யாக அனுப்பி, மற்றவர்களின் போக்குவரத்தைத் தன் வழியாகத் திருப்பிக்கொள்ள முடியும். அதற்கான கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன, பெரிய திறமையும் வேண்டியதில்லை. வரவேற்பறையில் உள்ள ஒரு கணினியில் தீநிரல் ஏறினாலே போதும்.

ஒட்டுக்கேட்பதோடு இது முடியவில்லை. டெல்நெட் சேவை நிரல்களிலேயே வெட்கக்கேடான ஓட்டைகள் இருந்திருக்கின்றன. 2007-இல் சன் நிறுவனத்தின் சோலாரிஸ் 10 இயங்குதளத்தின் டெல்நெட் சேவையில், பயனர் பெயர் இருக்கும் இடத்தில் 'மைனஸ் எஃப்' என்று தொடங்கும் ஒரு சொல்லைக் கொடுத்தால் கடவுச்சொல்லே கேட்காமல் உள்ளே விட்டது. 1994-இல் ஐபிஎம்மின் ஏஐஎக்ஸ் இயங்குதளத்தில் ஆர்லாகின் என்ற நுழைவுச் சேவையில் இதே தவறு கண்டுபிடிக்கப்பட்டுத் திருத்தப்பட்டிருந்தது. 13 ஆண்டுகள் கழித்து வேறொரு நிறுவனத்தில் அதே பிழை! 2017 மார்ச்சில் சிஸ்கோ தன் கேட்டலிஸ்ட் வரிசை ஸ்விட்ச்சுகளில் நூற்றுக்கணக்கான மாடல்களுக்கு ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. டெல்நெட் வழியாகவே வெளியாள் கருவியை முழுமையாகக் கைப்பற்றலாம் என்பது செய்தி, திருத்தம் வரும்வரை டெல்நெட்டை அணைத்துவையுங்கள் என்பது அறிவுரை. கடவுச்சொல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் இந்த இரண்டு ஓட்டைகளுக்கும் அது பொருட்டே இல்லை.

எங்கெங்கே திறந்திருக்கிறது

திறந்த போர்ட்டுகளைத் தேடும் என்மேப் என்ற கருவியை நிறுவிக்கொள்ளுங்கள். 23, 2323, 512, 513, 514 ஆகிய போர்ட்டுகளை உங்கள் எல்லா ஐபி வரம்புகளிலும் தேடச் சொல்லுங்கள். 23 டெல்நெட். 512 முதல் 514 வரை ஆர்எக்செக், ஆர்லாகின், ஆர்எஸ்எச் என்ற பழைய யுனிக்ஸ் குடும்பம். அவற்றைப் பிறகு பார்ப்போம். 2323-ஐச் சேர்க்கக் காரணம், 23-ஐ மூடிவிட்டேன் என்று சொல்லி டெல்நெட்டை அங்கே நகர்த்திவைக்கும் தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். 2016-இல் வந்த மிராய் தீநிரல் 2323-ஐயும் தட்டிப் பார்த்தது. எண்ணை மாற்றுவதால் பாதுகாப்பு வந்துவிடாது.

ஸ்விட்ச்சும் ரவுட்டரும் மட்டும்தான் அகப்படும் என்று நினைத்தால் ஏமாறுவீர்கள். யுபிஎஸ்ஸின் நெட்வொர்க் அட்டை, பழைய லேசர் பிரின்டர், வருகைப்பதிவுக்கான கைரேகைக் கருவி, சிசிடிவி டிவிஆர், எடைமேடையின் சீரியல் வயரை நெட்வொர்க்குக்கு மாற்றித் தரும் சிறு பெட்டி எல்லாம் வரும். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எங்கே இருக்கிறது, யார் பயன்படுத்துகிறார், டெல்நெட்டின் வேலையை மறையாக்கத்தோடு செய்யும் எஸ்எஸ்எச் அதற்குத் தெரியுமா என்று ஒரு தாளில் எழுதுங்கள். இந்தத் தாள்தான் பாதி வேலை.

வெளியிலிருந்தும் பார்க்க வேண்டும். கைபேசியின் இணையத்தில் மடிக்கணினியை இணைத்து, உங்கள் அலுவலகத்தின் பொது ஐபி முகவரியைத் தேடுங்கள். அங்கே 23 திறந்திருந்தால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அதை முதலில் மூடுங்கள். மிராய் செய்ததெல்லாம் இணையம் முழுக்க இந்தப் போர்ட்டைத் தட்டி, தயாரிப்பாளர்கள் வைத்த அறுபது சொச்சம் பயனர் பெயர், கடவுச்சொல் ஜோடிகளைப் போட்டுப் பார்த்ததுதான். அப்படிச் சேர்ந்த கேமராக்களும் டிவிஆர்களும்தான் 2016 அக்டோபர் 21-இல், தளங்களின் பெயர்களை ஐபி முகவரிகளாக மாற்றித் தரும் டின் நிறுவனத்தின் சேவையை முடக்கி, அமெரிக்காவில் ட்விட்டர் உள்பட ஏராளமான தளங்களை எட்டாக்கனியாக்கின. 2017 ஜூலையில் நம் ஊர் பிஎஸ்என்எல் பிராட்பேண்டு மோடம்கள் ஏராளமாகத் தீநிரலால் செயலிழந்தபோதும், மாற்றப்படாத இயல்பான கடவுச்சொல்தான் காரணமாகப் பேசப்பட்டது.

சிஸ்கோ ஸ்விட்ச்சில் மாற்றும் வரிசை

இதை நிதானமாகச் சொல்கிறேன். பயப்படுகிறவர்கள் பயப்படுவது இங்கேதான்.

முதலில் 'ஷோ வெர்ஷன்' கொடுத்து இயங்கும் மென்பொருளின் கோப்புப் பெயரைப் பாருங்கள். அதில் 'கே9' என்ற எழுத்துகள் இல்லாவிட்டால் பழைய ஸ்விட்ச்சுகளில் எஸ்எஸ்எச் இருக்காது. வேறு மென்பொருள் ஏற்ற வேண்டும், அல்லது கடைசியில் சொல்லும் ஏற்பாட்டுக்குப் போக வேண்டும்.

இருக்கிறது என்றால், எதையும் மாற்றுவதற்கு முன்னால் இப்போதைய அமைப்பைச் சேமித்துவிட்டு, 'ரீலோட் இன் 15' என்று கொடுங்கள். 15 நிமிடத்தில் ஸ்விட்ச் தானாக மறுதொடக்கம் ஆகி, கடைசியாகச் சேமித்த அமைப்புக்கே திரும்பும். நீங்கள் வெளியே சிக்கிக்கொண்டால் செய்யவேண்டியது ஒன்றுமில்லை, டீ குடித்துவிட்டு வந்தால் போதும். மறுதொடக்கமானால் சில நிமிடம் நெட்வொர்க் போகும், ஆகவே ஷிஃப்ட் மாறும் நேரத்தையோ உணவு இடைவேளையையோ தேர்ந்தெடுங்கள். நேரம் போதாமல் நடுவில் மறுபடியும் 'ரீலோட் இன்' கொடுக்க நேர்ந்தால், "அமைப்பு மாறியிருக்கிறது, சேமிக்கவா?" என்று அது கேட்கும். இல்லை என்று சொல்லுங்கள். ஆமாம் என்றால் அரைகுறை அமைப்பு சேமிக்கப்பட்டு, திரும்பி வரும் வழி அடைபட்டுவிடும்.

பிறகு ஸ்விட்ச்சுக்கு ஒரு பெயர் வையுங்கள். தொழிற்சாலைப் பெயரான 'ஸ்விட்ச்' என்பதே இருந்தால், பெயரை மாற்று என்று சொல்லி, எஸ்எஸ்எச்சுக்கு வேண்டிய மறையாக்கச் சாவியை உருவாக்க மறுக்கும். 'ஐபி டொமைன்-நேம்' கொடுத்து, 'கிரிப்டோ கீ ஜெனரேட் ஆர்எஸ்ஏ' மூலம் 2048 பிட் சாவி உருவாக்குங்கள். பழைய ஸ்விட்ச் இதற்குச் சற்று நேரம் எடுக்கும், தொங்கிவிட்டது என்று எண்ணி வயரைப் பிடுங்க வேண்டாம். 'ஐபி எஸ்எஸ்எச் வெர்ஷன் 2' என்று போடுங்கள். முதல் பதிப்பில் குறைகள் உண்டு, அதை அனுமதிக்கத் தேவையில்லை.

பயனரை உருவாக்கும்போது 'பாஸ்வேர்டு' என்ற சொல்லுக்குப் பதில் 'சீக்ரெட்' என்ற சொல்லைப் பயன்படுத்துங்கள். 'பாஸ்வேர்டு' என்று கொடுத்து, 'சர்வீஸ் பாஸ்வேர்டு-என்கிரிப்ஷன்' போட்டால் திரையில் புரியாத எண்களாகத் தெரியும். அந்த 7ஆம் வகை மறைப்பை அவிழ்க்கும் பக்கங்கள் இணையத்தில் எத்தனையோ இருக்கின்றன. இப்போதைக்கு ஒரு தற்காலிகக் கடவுச்சொல் போதும், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது விடிஒய் வரிகள், அதாவது தொலைவிலிருந்து நுழைபவர்களுக்கான வாசல்கள். 'லைன் விடிஒய் 0 4' என்பதற்குள் போய் 'லாகின் லோக்கல்' கொடுங்கள். பிறகு 'டிரான்ஸ்போர்ட் இன்புட் எஸ்எஸ்எச் டெல்நெட்' என்று இரண்டையும் சேர்த்தே கொடுங்கள். டெல்நெட்டை இன்னும் மூடவில்லை என்பதைக் கவனியுங்கள். திறந்திருக்கும் சாளரத்தை அப்படியே விட்டுவிட்டு, புதிய சாளரத்தில் எஸ்எஸ்எச் மூலம் நுழைந்து பாருங்கள். நுழைந்தால் போதாது, முழு அதிகாரம் தரும் 'எனேபிள்' நிலைக்குப் போக முடிகிறதா என்றும் பாருங்கள். முடிந்தால் அந்தப் புதிய சாளரத்திலிருந்தே 'டிரான்ஸ்போர்ட் இன்புட் எஸ்எஸ்எச்' என்று மட்டும் கொடுங்கள். பழைய டெல்நெட் இணைப்பு அறுந்து போகாது, புதிய டெல்நெட் இணைப்புதான் வராது.

இங்கே ஒரு கண்ணி. ஸ்விட்ச்சுகளில் விடிஒய் வரிகள் 0 முதல் 4 வரை ஒரு தொகுதியாகவும், 5 முதல் 15 வரை இன்னொரு தொகுதியாகவும் எழுதப்பட்டிருக்கும். இணையத்தில் கிடைக்கும் பாதிக் குறிப்புகள் முதல் தொகுதியோடு நின்றுவிடுகின்றன. அப்படி விட்டால் இரண்டாவது தொகுதியில் டெல்நெட் உயிரோடு இருக்கும். வேலை முடிந்ததாகக் கையெழுத்திட்ட இடங்களிலேயே இதைப் பார்த்திருக்கிறேன். 'லைன் விடிஒய் 5 15'-க்கும் அதே வரிகளைக் கொடுங்கள்.

நிர்வாகக் கணினிகளின் முகவரிகளை மட்டும் அனுமதிக்கும் ஓர் அணுகல் பட்டியலை எழுதி, 'ஆக்சஸ்-கிளாஸ்' மூலம் இரண்டு தொகுதிகளிலும் கட்டுங்கள். பட்டியலில் இல்லாத எல்லாமே தானாக மறுக்கப்படும். ஆகவே முதல் வரியில் நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் கணினியின் முகவரி இருக்கட்டும். மறுபடியும் ஒரு புதிய சாளரத்தில் நுழைந்து பாருங்கள். எல்லாம் சரி என்றால் 'ரீலோட் கேன்சல்', அதன்பிறகு சேமிப்பு.

கடவுச்சொற்களை நிரந்தரமாக மாற்றவேண்டியது இதற்குப் பிறகுதான். இத்தனை ஆண்டுகள் டெல்நெட்டில் போன கடவுச்சொல் யார் கையில் இருக்கிறதோ தெரியாது, ஆகவே மாற்றியே ஆக வேண்டும். ஆனால் டெல்நெட்டில் இருந்துகொண்டே மாற்றினால் புதிய கடவுச்சொல்லும் அதே வயரில் வெளிச்சமாகப் போகும். தற்காலிகக் கடவுச்சொல் போதும் என்றதற்கு இதுதான் காரணம். எஸ்எஸ்எச்சுக்குள் நுழைந்து, டெல்நெட் மூடிய பிறகு, எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

மற்ற நிறுவனங்கள் பலவற்றின் ஸ்விட்ச்சுகளில் இது ஒரு வலைப்பக்கத்தில் இரண்டு பெட்டிகளைக் கிளிக் செய்யும் வேலை. அங்கும் வரிசை இதுவேதான்.

எஸ்எஸ்எச் முரண்டு பிடித்தால்

பழைய ஸ்விட்ச்சில் எஸ்எஸ்எச் இருக்கும், ஆனால் உங்கள் புதிய மடிக்கணினி அதோடு பேச மறுக்கும். சாவிப் பரிமாற்ற முறை பொருந்தவில்லை என்று பிழை வரும். மடிக்கணினியில் இருக்கும் ஓப்பன் எஸ்எஸ்எச் நிரல் 2015-இல் 7.0 பதிப்பில் 'டிஃபி-ஹெல்மன் குரூப்1'-ஐயும், 2021-இல் 8.8 பதிப்பில் எஸ்எச்ஏ-1 அடிப்படையிலான ஆர்எஸ்ஏ கையொப்பத்தையும் இயல்பாக அணைத்துவிட்டது. "அட போங்க, டெல்நெட்டே பரவாயில்லை" என்று பலர் திரும்பிப் போவது இந்த இடத்தில்தான். திரும்பாதீர்கள். உங்கள் கணினியின் எஸ்எஸ்எச் அமைப்புக் கோப்பில் அந்த ஒரு ஸ்விட்ச்சின் பெயருக்குக் கீழே மட்டும் பழைய முறையைக் கூட்டல் குறியோடு சேர்த்து அனுமதியுங்கள். நட்சத்திரக் குறி போட்டு எல்லா முகவரிகளுக்கும் அனுமதித்துவிடக் கூடாது. தளர்ந்த எஸ்எஸ்எச்கூட டெல்நெட்டைவிட எவ்வளவோ மேல்.

முதல்முறை இணையும்போது காட்டப்படும் சாவியின் கைரேகையை (அதன் சுருக்கமான அடையாளக் குறியை), ஸ்விட்ச்சில் நேரடியாகச் செருகும் கன்சோல் வயரில் பார்த்து ஒப்பிட்டுவிட்டு 'ஆம்' சொல்லுங்கள். பின்னாளில் ஒருநாள் சாவி மாறிவிட்டது என்று பெரிய எழுத்தில் எச்சரிக்கை வந்தால், ஸ்விட்ச்சை யாராவது மாற்றினார்களா என்று விசாரித்த பிறகே பழைய பதிவை நீக்குங்கள். டெல்நெட்டில் இல்லாத பாதுகாப்பே அந்த எச்சரிக்கைதான்.

ஆர் குடும்பம்

512 முதல் 514 வரை ஏதாவது திறந்திருந்தால் அது பெரும்பாலும் பழைய யுனிக்ஸ் சர்வர். இங்கே கடவுச்சொல்லே தேவைப்படாமல் போகலாம். 'டாட் ஆர்ஹோஸ்ட்ஸ்' என்ற கோப்பில் எந்தக் கணினியின் பெயர் இருக்கிறதோ அங்கிருந்து வருபவரைக் கேள்வி கேட்காமல் உள்ளே விடும். 1994 கிறிஸ்துமஸ் அன்று கணினிப் பாதுகாப்பு வல்லுநர் சுடோமு ஷிமோமுராவின் கணினிகள் தாக்கப்பட்டது இப்படித்தான். நம்பிக்கைக்குரிய கணினியைப்போல் முகவரியைப் பொய்யாக வைத்து, அந்தக் கோப்பில் இரண்டு கூட்டல் குறிகளை எழுதவைத்தார்கள். யாரும் எங்கிருந்தும் வரலாம் என்பது அதன் பொருள். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் கடவுச்சொற்கள் திருடப்பட்டதை அடுத்து டாட்டு யலோனென் எஸ்எஸ்எச்சை எழுதியது அதற்கடுத்த ஆண்டு, 1995-இல்.

சேவையை அணைப்பதற்கு முன்னால், குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளைச் சொல்லும் கிரான் பட்டியலைப் படியுங்கள். இரவு பேக்அப் எடுக்கும் ஏதோ ஒரு ஸ்கிரிப்ட், இதே குடும்பத்தில் கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிபி-யை நம்பிக்கொண்டிருக்கும். எழுதியவர் ஓய்வு பெற்றிருப்பார். அதை எஸ்எஸ்எச் வழியாக நகலெடுக்கும் எஸ்சிபி-க்கோ ஆர்சிங்க்-குக்கோ மாற்றி, அதற்கென்று தனியாக ஒரு சாவி உருவாக்கி, எந்த முகவரியிலிருந்து வரலாம், எந்தக் கட்டளையை மட்டும் ஓட்டலாம் என்பதை அங்கீகரித்த சாவிகளின் கோப்பிலேயே கட்டுப்படுத்துங்கள். ஓர் இரவு சரியாக ஓடியதைப் பார்த்த பிறகு ஆர் சேவைகளை அணைத்து, ஆர்ஹோஸ்ட்ஸ் கோப்புகள் அத்தனையையும் தேடி நீக்குங்கள்.

டெல்நெட் மட்டுமே தெரிந்த கருவிகள்

தாளில் கடைசியாகச் சில மிஞ்சும். அவற்றைத் தனி வீலானில் ஒதுக்குங்கள். அந்த வீலானுக்கும் அலுவலக நெட்வொர்க்குக்கும் நடுவில் இரண்டு நெட்வொர்க் அட்டைகள் உள்ள ஒரு சிறிய லினக்ஸ் கணினியை வையுங்கள். அதற்குள் சாவி கொண்டு எஸ்எஸ்எச் வழியாக மட்டும் நுழையலாம், அங்கிருந்து கருவிக்கு டெல்நெட். கடைசித் துண்டு வயரில் எழுத்துகள் இன்னமும் வெளிச்சமாகத்தான் போகும். ஆனால் அந்த வயர் பூட்டிய ரேக்குக்குள் இருக்கும், அதைக் கேட்க வேறு கணினி அங்கே இருக்காது. பழைய ஐபிஎம் பச்சைத் திரைகள் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சுற்று தேவையில்லை. 992ஆம் போர்ட்டில் டிஎல்எஸ் மறையாக்கத்தோடு ஓடும் வசதி அவற்றில் உண்டு, விற்பனையாளரிடம் கேட்டு இயக்கிக்கொள்ளுங்கள்.

டிவிஆர்களில் ஒரு சூது இருக்கிறது. வலைப்பக்கத்தில் மாற்றும் கடவுச்சொல் வேறு, டெல்நெட்டுக்கு மென்பொருளிலேயே பதிந்துவைத்த கடவுச்சொல் வேறு. மிராய் காலத்தில் சிக்கிய பல கருவிகளில் இரண்டாவதை உரிமையாளரால் மாற்றவே முடியவில்லை. இத்தகைய பெட்டியை இணையத்திலிருந்து முற்றிலும் துண்டியுங்கள். வெளியிலிருந்து உள்ளே வழிவிடும் போர்ட் ஃபார்வர்டிங்கையும், அந்த வழியைக் கருவிகளே திறந்துகொள்ள விடும் யுபிஎன்பி-யையும் ரவுட்டரில் அணையுங்கள். முதலாளி வீட்டிலிருந்து கேமரா பார்க்க வேண்டும் என்றால் விபிஎன் போட்டுக்கொடுங்கள். ஏற்கெனவே தொற்றியிருக்கும் என்று சந்தேகம் வந்தால் முதலில் நெட்வொர்க் வயரைக் கழற்றுங்கள், பிறகு மறுதொடக்கம் செய்யுங்கள். மிராய் நினைவகத்தில் மட்டும் வாழ்ந்தது, மின்சாரம் போனால் அதுவும் போகும். வயர் மாட்டியபடியே அணைத்துப் போட்டால் சில நிமிடத்தில் மறுபடியும் தொற்றிக்கொள்ளும். கணினிப் பாதுகாப்பு நிகழ்வுகளைக் கவனிக்கும் இந்திய அரசு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் 28 தேதியிட்ட ஆணைப்படி இத்தகைய நிகழ்வை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவுக்குறிப்புகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். நிர்வாகத்திடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

எல்லாம் முடிந்ததும் முதலில் ஓட்டிய அதே என்மேப் தேடலை மறுபடியும் ஓட்டி, இரண்டு முடிவுகளையும் சேர்த்துக் கோப்பில் வையுங்கள். மாதம் ஒருமுறை ஓட்டுங்கள். பழுதான ஸ்விட்ச்சை மாற்றும்போதும், யாராவது தொழிற்சாலை நிலைக்கு ரீசெட் செய்யும்போதும் டெல்நெட் திரும்ப வந்துவிடும். எல்லாருடைய கணினியிலும் புட்டி என்ற இணைப்பு நிரலில் சேமித்துவைத்திருக்கும் பழைய டெல்நெட் இணைப்புகளை அழித்துவிடுங்கள், பழக்கத்தில் கை அதையே கிளிக் செய்யும்.

தணிக்கைக்கு வருபவர் உங்கள் கணினியில் டெல்நெட் கிளையன்ட் (வெளியே இணைய உதவும் நிரல்) இருப்பதைப் பார்த்துவிட்டு அதையும் நீக்கச் சொல்வார். கிளையன்ட் இருப்பதால் யாரும் உள்ளே வந்துவிட முடியாது, சேவைதான் கதவு. ஏதோ ஒரு போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் நம்மில் பெரும்பாலோர் அந்தக் கிளையன்ட்டை வைத்திருக்கிறோம். அவரோடு வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள். விண்டோஸ் பவர்ஷெல்லில் 'டெஸ்ட்-நெட்கனெக்ஷன்', லினக்ஸில் 'என்சி' இரண்டும் அதே வேலையைச் செய்கின்றன. நீக்கிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.